‘ஆன்’ என்று காட்டினால் எரிந்ததாகுமா?

கடைசி வருஷ ஈ.சி.ஈ., ட்ரிபிள் ஈ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

போன மார்ச்சில் ஒரு பொறியியல் கல்லூரியில் ப்ராஜெக்ட் கண்காட்சி. மதிப்பெண் போட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பேராசிரியர் இல்லை. கருத்தரங்கக் கூடங்களிலும் அலுவலக மீட்டிங் அறைகளிலும் ஸ்பீக்கர், புரொஜெக்டர், மைக் எல்லாம் மாட்டி, மேஜை மேலிருக்கும் ஒரே தொடுதிரையிலிருந்து அத்தனையையும் இயக்கும்படி செய்து கொடுப்பது என் பிழைப்பு. “தொழிலில் இருக்கிறவர் ஒருத்தர் வேண்டும்” என்றார்கள், போனேன்.

பாதி மேஜைகளில் ஒரே ப்ராஜெக்ட். தெர்மாகோலில் ஒரு வீடு, உள்ளே பல்பு, ஒரு குட்டி ஃபேன், பக்கத்தில் ரிலே பலகை, கையில் செல்போன். ‘ஸ்மார்ட் ஹோம்’. ஒரு பெண் திரையைத் தொட்டாள். ரிலே ‘டிக்’ என்றது. செல்போனில் பச்சை எழுத்தில் ‘ஆன்’ வந்தது. பல்பு எரியவில்லை.

“எரியலையேம்மா?”

“சார், ஆப்ல ஆன்னு காட்டுது சார்.”

“அது சரி. பல்பு?”

“பல்பு ஃப்யூஸ் போயிருக்கும் சார். ப்ராஜெக்ட் ஒர்க் ஆகுது.”

அவள் சொன்னது தப்பில்லை. எழுதிய நிரல் ஓடியது, ரிலே விழுந்தது. நல்ல மதிப்பெண்தான் போட்டேன். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு தாம்பரம் வரும்வரை அந்தப் பச்சை ‘ஆன்’ மனதைவிட்டுப் போகவில்லை. கட்டளை போட்டாயிற்று, ஆகவே காரியம் நடந்தாயிற்று என்று அந்தச் செல்போன் நம்புகிறது. நடந்ததா என்று கேட்க அதற்கு வழியே இல்லை. இதைத்தான் நீங்கள் வருஷா வருஷம் செய்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சிலர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெட்டியோடு வாங்கியும் வருகிறீர்கள். அங்கே எந்தக் கடையில் எந்த மாடல் கிடைக்கும் என்று எனக்கும் தெரியும்.

உங்களுக்கு வேறொரு வேலை சொல்லத்தான் இந்த மடல். கேட்டால் பதில் சொல்கிற ஒரு கருவியைப் பிடியுங்கள். அது அநேகமாக உங்கள் மாமா வீட்டு ஹாலில் தூசு படிந்து உட்கார்ந்திருக்கும்.

என் வீட்டில் அது அப்பாவின் டெனான் ரிசீவர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இரண்டாயிரத்துகளின் நடுவில் வந்த மாடல். ரிசீவர் என்றால் ஆம்ப்ளிஃபயர், ரேடியோ, எந்தப் பெட்டியின் சத்தம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் மூன்றும் சேர்ந்த பெட்டி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு இப்போது 82. விடியற்காலை ஐந்து மணிக்கு எம்.எஸ். அம்மா பாடிய சுப்ரபாதம் கேட்டாக வேண்டும். 1963-ல் வந்த பதிவு, அவருக்கு அதுதான் அலாரம், அதுதான் கடிகாரம். கையில் லேசான நடுக்கம். அந்த ரிமோட்டிலோ ஐம்பதுக்கு மேல் பொத்தான்கள். ஒன்று தவறினால் ரிசீவர் டிவிடிக்கு மாறிவிடும். இருட்டில் சத்தமே வராது. என் அறைக் கதவு தட்டப்படும்.

இதற்கு நான் முதலில் செய்தது நீங்கள் செய்வதையேதான். அகச்சிவப்புக் கதிர் உமிழும் ஒரு எல்.இ.டி.யைச் சின்னக் கணினியில் மாட்டி, ரிமோட்டின் சங்கேதங்களைக் கற்றுக்கொடுத்து, ரிசீவரின் முகத்துக்கு நேரே ஒட்டிவைத்தேன். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் ரிசீவர் முன்னிரவிலிருந்தே அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அனுப்பிய பவர் சங்கேதம் ‘இருப்பதை மாற்று’ என்கிற வகை. அணைந்திருந்தால் ஏற்றும், ஏறியிருந்தால் அணைக்கும். விடியற்காலை ஐந்துக்கு என் நிரல் ரிசீவரைப் பொறுப்பாக அணைத்துவிட்டு, ‘ஆன்’ என்று குறித்துக்கொண்டது. தெர்மாகோல் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

அன்றைக்குத்தான் ரிசீவரைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். ஸ்பீக்கர் முனைகள், மஞ்சள் வெள்ளை சிவப்புச் சாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஒன்பது துளை உள்ள ஒரு சாக்கெட். பக்கத்தில் ‘ஆர்.எஸ்.-232’ என்று பொடி எழுத்து. வேலையிடத்தில் தினமும் தொடுகிற சாக்கெட் அது. கருத்தரங்கக் கூடங்களில் கிரெஸ்ட்ரான், எக்ஸ்ட்ரான் பெட்டிகள் புரொஜெக்டரோடு பேசுவது இதே ஒன்பது கம்பி வழியாகத்தான். வீட்டிலும் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போனதை என்னவென்று சொல்ல!

ஆர்.எஸ்.-232 என்ற இந்தத் தரம் 1960-ல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைப்பதற்காக வந்தது. 1969-ல் ‘சி’ என்ற திருத்தப் பதிப்பு வந்து அதுவே நிலைத்தது. முதலில் 25 முனை. 1984-ல் ஐ.பி.எம். தன் ‘ஏ.டி.’ கணினியில் ஒன்பது முனையாகச் சுருக்கியது. லேப்டாப்புகளிலிருந்து அது மறைந்து எத்தனையோ வருஷமாகிறது, நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். ஆனால் லாரிகளை எடை போடும் எடைமேடைகளில், கடையில் ரசீது அடிக்கும் பிரிண்டர்களில், கோயம்புத்தூர்ப் பட்டறைகளின் சி.என்.சி. மெஷின்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. செத்துப்போனதாக உங்கள் பாடப்புத்தகம் சொன்னால் நம்பாதீர்கள்.

அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் டிஜிட்டல் பாடத்தில் 0 என்றால் சுழி வோல்ட், 1 என்றால் 5 வோல்ட். இங்கே தலைகீழ். கம்பியில் மைனஸ் 3-லிருந்து மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் அது 1. பிளஸ் 3-லிருந்து பிளஸ் 15 வரை இருந்தால் 0. நடுவில், சுழி வோல்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று வோல்ட் தூரத்துக்கு, அர்த்தமே கிடையாது. யாரும் எதுவும் பேசாதபோதுகூடக் கம்பி சும்மா இருப்பதில்லை, மைனஸில் நிற்கிறது. அதனால் மல்டிமீட்டரில் சுழி காட்டினால் ஒன்று கம்பி அறுந்திருக்கிறது, அல்லது எதிர்ப்பக்கத்துக் கருவி செத்திருக்கிறது. ‘பேசவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு வேறு என்று அறுபது வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்.

இதையே ஒரு கைவேலையாகவும் பயன்படுத்தலாம். எந்த முனை பேசுகிறது, எது கேட்கிறது என்பதில் எல்லோரும் ஒரு நாளாவது தொலைகிறோம். கேபிள் நேராகப் போகிறதா, 2-ம் 3-ம் உள்ளே மாறிப் போகிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரிசீவருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 5-ம் துளையில் வையுங்கள், அது எர்த். சிவப்பு முனையை 2-லும் 3-லும் மாற்றி மாற்றி வையுங்கள். எதில் மைனஸ் ஐந்து, ஆறு, எட்டு என்று ஏதாவது காட்டுகிறதோ அதுதான் அந்தக் கருவியின் வாய். சுழிக்குப் பக்கத்தில் காட்டுவது காது. உங்கள் பக்கத்து வாயை அதன் காதிலும், உங்கள் காதை அதன் வாயிலும் சேர்க்க வேண்டும். வாயோடு வாய் சேர்த்துவிட்டு, “சார், புரோகிராம்ல பக்” என்று மூன்று நாள் உட்கார்ந்த பையன்களை நான் வேலைக்கு வைத்திருந்திருக்கிறேன்.

சின்னக் கணினி என்று சொன்னது ராஸ்பெர்ரி பை. 2012 பிப்ரவரி 29-ல், 35 டாலர் விலையில் முதன்முதலில் வந்தது. உங்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இதைக் கேளுங்கள். அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்குப் பிறந்தவை, 5 வோல்ட்டையே தாங்காது. ரிசீவரின் வாயிலிருந்து வருவதோ பிளஸ் மைனஸ் என்று ஆடுகிற வோல்ட். எனக்கு இது தெரியும், ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அவசரத்தில், ஒன்பது முனையின் கம்பியை நேராக பையின் 10-ம் பின்னில் செருகினேன். புகை வரவில்லை, வாசனை வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே ஆள் இல்லை.

நடுவில் ஒரு துபாஷி வேண்டும். மேக்ஸ்-3232 என்ற சில்லு அந்த வேலையைச் செய்கிறது. 3.3 வோல்ட்டை வாங்கிக்கொண்டு, கூடவே வைத்த நாலைந்து சின்னக் கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றி நிரப்பிக் காலி செய்தே பிளஸ்ஸையும் மைனஸையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. தனியாக மைனஸ் சப்ளை வேண்டாம். சார்ஜ் பம்ப் என்று பாடத்தில் ஒரு படம் வரும் பாருங்கள், இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்வது, அதேதான். ஆஸிலாஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தால் அந்தப் படம் பிறகு மறக்காது.

அல்லது யு.எஸ்.பி. கேபிளாக வருவதை வாங்கலாம், இன்னும் சுலபம். அதில் ஒரு எச்சரிக்கை. எஃப்.டி.டி.ஐ. என்று மேலே எழுதியிருப்பதெல்லாம் எஃப்.டி.டி.ஐ. இல்லை. 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் கடுப்பாகி, விண்டோஸ் டிரைவர் ஒன்றில் போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியாக்கிவிட்டது. உலகம் முழுக்க அப்பாவிகள் வாங்கிய கேபிள்கள் ஒரே நாளில் ஊமையாகின. பெரிய சண்டை, பிறகு பின்வாங்கினார்கள். நான் அறுநூறு ரூபாய் கொடுத்து ‘ஒரிஜினல், சார்’ என்று வாங்கியதும் போலிதான். கடையின் பெயர் வேண்டாம். வெளிப்படையாகவே சி.எச்.-340 என்று போட்டு விற்கும் மலிவு கேபிளை அதற்குப் பிறகு வாங்கினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. தன் பெயரில் நேர்மையாக நிற்கிற சாமான் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

பையின் சொந்தப் பின்களையே பயன்படுத்துவோருக்கு இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. ஒன்று, லினக்ஸ் அந்தப் பின்களைத் தன் கன்சோலாக வைத்திருக்கும். பை எழுந்திருக்கும்போது உள்ளே நடப்பதையெல்லாம் வரிவரியாக உங்கள் ரிசீவரிடம் ஒப்பிக்கும். அதுவும் வேறு வேகத்தில், ரிசீவருக்கு அது வெறும் உளறல். அமைப்பில் போய் அணைக்க வேண்டும். இரண்டாவது, பை-3 வந்தபோது நல்ல சீரியல் சுற்றை ப்ளூடூத்துக்குக் கொடுத்துவிட்டு, பின்களுக்குச் சின்னதொன்றை விட்டார்கள். அந்தச் சின்னதின் வேகம் மையக் கடிகாரத்தைப் பார்த்து ஆடும். ‘காலையில் வேலை செய்தது, மத்தியானம் செய்யவில்லை’ என்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

இனி பேச்சு. இதுதான் எனக்கு ருசியான இடம்.

டெனான் தன் ரிசீவர்களுக்கான கட்டளைகளை ஆவணமாகவே வெளியிட்டிருக்கிறது. வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். கட்டளைகள் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள்தான், மறைவு ஒன்றுமில்லை. ‘பி-டபிள்யூ-ஓ-என்’ என்று நாலு எழுத்து அனுப்பினால் எழுந்துகொள்ளும். ‘எம்-வி’ என்று சொல்லி 35 போட்டால் ஒலியளவு 35. ‘எஸ்-ஐ-சி-டி’ என்றால் சி.டி.க்கு மாறும். ஒவ்வொன்றின் முடிவிலும் 13-ம் எண் எழுத்து. அதற்குப் பெயர் கேரேஜ் ரிட்டர்ன். உங்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போய் லோயர் முடித்தவர்கள் இருந்தால் கைக்கே தெரியும். வரி முடிந்ததும் இடது கையால் ஒரு தட்டுத் தட்டி உருளையை வலது பக்கம் தள்ளுவோமே, அந்தத் தட்டுதான். அதை விட்டுவிட்டால் ரிசீவர் நீங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று காத்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை எல்லோரும் விடுவது இதைத்தான்.

கணக்குப் பாருங்கள். 9600 வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ வினாடி. ஓர் எழுத்துக்கு எட்டு பிட், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆகப் பத்து. எழுப்பும் கட்டளை தட்டுடன் சேர்த்து ஐந்து எழுத்து, 50 பிட். ஐந்து மில்லி வினாடிக்குக் கொஞ்சம் கூட. கண் இமைக்கிற நேரத்தில் இருபது தடவை எழுப்பலாம். ஆனால் எழுப்பிய பிறகு ஒரு வினாடி பொறு என்கிறது ஆவணம். நான் பொறுக்கவில்லை. எழுந்திரு, பாட்டுக்கு மாறு, 35-ல் வை என்று மூன்றையும் ஒரே மூச்சில் அனுப்பினேன். எழுந்தது, மற்ற இரண்டும் காற்றோடு போயின. தூங்கி எழுந்தவரிடம் கண் திறக்குமுன் மூன்று வேலை சொன்னால் எந்த வேலை நடக்கும்?

இதுவரை சொன்னது கட்டளை. ரிமோட்டும் இதைச் செய்யும். வித்தியாசம் கேள்விக்குறியில் இருக்கிறது. ‘பி-டபிள்யூ’ எழுதிக் கேள்விக்குறி போட்டு அந்தத் தட்டைத் தட்டினால், ரிசீவர் தன் நிலையைச் சொல்லும், எழுந்திருக்கிறேன் அல்லது படுத்திருக்கிறேன் என்று. ‘எம்-வி’ கேள்விக்குறி, ஒலியளவு. ‘எஸ்-ஐ’ கேள்விக்குறி, எந்தப் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லும். யாராவது முகப்பில் இருக்கும் குமிழைக் கையால் திருகினால், திருகத் திருக ‘எம்-வி 34’, ‘எம்-வி 33’ என்று கம்பியில் வந்துகொண்டே இருக்கும். நான் அதை முதலில் பார்த்தது ராத்திரி பதினொன்றரைக்கு. ஒரு கையால் குமிழைத் திருகிக்கொண்டு, மறுபக்கம் கறுப்புத் திரையில் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஏற்றியும் இறக்கியும் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

இந்தப் பதில்களை வாசிப்பதுதான் உங்கள் ப்ராஜெக்ட். அனுப்புவது அரை மணி நேர வேலை, பைத்தானில் நாலு வரி. வாசிப்பது அப்படி அல்ல. பதில் முழுசாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ‘எம்-வி 3’ வரை ஒரு முறை வரும், மிச்ச ‘5’ அடுத்த முறை வரும். அந்தத் தட்டு வரும்வரை சேர்த்துவைத்துப் பிறகுதான் படிக்க வேண்டும். சேர்த்துப் படித்தாலும் புரிந்துகொள்ள வேண்டுமே. நான் புரிந்துகொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன்.

விடியற்காலையில் யாரும் தவறி உச்சத்துக்குத் திருகிவிடக் கூடாது, மேல் மாடியில் கைக்குழந்தை இருக்கிறது என்று ஒரு காவல் போட்டேன். ஒலியளவு 45-ஐத் தாண்டினால் ஒரு படி இறக்கு, மறுபடி பார், இன்னும் தாண்டியிருந்தால் மறுபடி இறக்கு. மூன்று வாரம் பிரச்சினையில்லை. ஒரு நாள் அப்பா, “எம்.எஸ். குரல் தேஞ்சு போச்சுடா, சி.டி. கெட்டுப்போச்சா?” என்றார். சி.டி.யே இல்லை, பையிலிருந்துதான் பாடுகிறது, அவருக்குச் சி.டி. என்று சொல்லிவைத்திருக்கிறேன். பதிவேட்டைப் பார்த்தேன். பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவர் குமிழை லேசாகத் திருகியிருக்கிறார். ரிசீவர் ‘எம்-வி 355’ என்று சொல்லியிருக்கிறது. டெனான் அரை அரைப் படியாகவும் போகும். 35-க்கும் 36-க்கும் நடுவில் முப்பத்தைந்தரை இருக்கிறது, அதைப் புள்ளி வைக்காமல் மூன்று இலக்கமாக எழுதும். என் காவல்காரர் அதை முந்நூற்றைம்பத்தைந்து என்று படித்தார். 45 எங்கே, 355 எங்கே! பதறியடித்து இறக்கினார். 345, 335, 325... எத்தனை இறக்கினாலும் அவர் கண்ணுக்கு முந்நூறு, இருநூறு. நாற்பத்தைந்துக்கு வரும்வரை விடவில்லை. கடைசியில் நாலரைக்கு வந்து நின்றது. அது ஏறக்குறைய நிசப்தம்.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கல்ல. 80 என்பது சுழி டெசிபல், சினிமா தியேட்டர் சத்தம். ‘நூற்றில் எண்பதுதானே’ என்று சோதனைக்காக அனுப்பிப் பார்க்காதீர்கள், முக்கியமாகப் பரீட்சைக் காலத்தில்.

இன்னொன்று, பையிலிருந்து ரிசீவருக்குப் பாட்டை ஆப்டிகல் கேபிளில் அனுப்புங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. சீரியல் கேபிளின் எர்த் வழியாக பையும் ரிசீவரும் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. பாட்டையும் சாதாரண ஆடியோ கேபிளில் அனுப்பினால் எர்த் வளையமாகி, தம்புரா மாதிரி ஒரு ரீங்காரம் பின்னணியில் உட்கார்ந்துகொள்ளும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ். பாட்டுக்குச் சுதி சேராத தம்புரா அது. ஒளியில் அனுப்பினால் எர்த் போக வழியில்லை.

பிறகு நம் ஊருக்கே உரிய கஷ்டம், கரண்ட் கட். பை-5-க்கு முந்தைய பைகளில் பேட்டரியோடு ஓடுகிற கடிகாரம் கிடையாது. எழுந்ததும் இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். இணையமும் இல்லையென்றால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து தொடரும். ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்கு வந்தது, இணையம் வரவில்லை. பையைப் பொறுத்தவரை இன்னும் பதினொரு மணிதான். ஆக, அன்றைய சுப்ரபாதம் காலை எட்டுக்கு, பள்ளிக்கூட வேன் ஹாரனோடு சேர்ந்து ஆரம்பித்தது. “பெருமாளே லேட்டாத்தான் எழுந்தார் போல” என்றார் அப்பா. டி.எஸ்.-3231 என்ற கடிகாரச் சில்லை மாட்டியதோடு அது தீர்ந்தது. நினைவட்டையும் திடீர் கரண்ட் கட்டில் கெட்டுப்போகும். அமைப்பில் ‘ஓவர்லே’ போட்டு, எழுத்தெல்லாம் நினைவகத்தில் மட்டும் நடக்கும்படி வைத்துவிடுங்கள். பதிவேட்டை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் எழுதலாம்.

“இதெல்லாம் எதுக்கு சார், இப்ப வர்ற ஸ்பீக்கர்ல எல்லாம் ஆப் இருக்கே?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்று ஒரு நல்ல பெட்டி இருந்தது. வலைவழியாகப் பாட்டு வாசிக்கும். லாஜிடெக் அதை 2006-ல் வாங்கி 2012-ல் நிறுத்தியது. அதற்கான இணையச் சேவையை 2024-ல் மூடியது. அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டுக் கணினியில் ஓடும் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் எடுத்து இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். சோனாஸ் 2020-ல் தன் பழைய ஸ்பீக்கர்களுக்குப் புது மென்பொருள் கிடையாது என்றபோது வாங்கியவர்கள் கொதித்தார்கள், தலைவரே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அப்பாவின் ரிசீவரை எந்த ஊர் சர்வர் மூடினாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதன் பேச்சு இந்த ஒரு மீட்டர் கம்பிக்குள் இருக்கிறது, இலக்கணம் ஆவணத்தில் இருக்கிறது. புது மாடல்கள் பலவற்றில் ஒன்பது முனை போய்விட்டாலும், அதே நாலு எழுத்துக் கட்டளைகளை வலைக் கேபிளில், 23-ம் போர்ட்டில் பேசுகின்றன. ஒன்றைக் கற்றால் இரண்டும் வரும்.

டெனான்தான் வேண்டும் என்றில்லை. நாட் நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர் 115200 வேகத்தில் பேசும், அதன் கட்டளைகள் கிட்டத்தட்ட ஆங்கில வாக்கியங்கள் மாதிரியே இருக்கும். மரான்ட்ஸ், யமஹா, ரோட்டல் என்று அந்தக் காலத்து நல்ல பெட்டிகள் பலவற்றின் முதுகில் அந்த ஒன்பது துளை உண்டு. ஓ.எல்.எக்ஸில் தேடும்போது முகப்புப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கப் படம் கேளுங்கள். விற்கிறவருக்கு அது எதற்கு என்றே தெரியாது, விலையும் ஏறாது.

அந்தக் கண்காட்சிப் பெண் இதைப் படிக்க நேர்ந்தால் அவளுக்கு ஒன்று. உன் தெர்மாகோல் வீட்டையும் தூக்கிப் போட வேண்டாம். பல்புக்குப் போகும் கம்பியில் மின்னோட்டம் ஓடுகிறதா என்று பார்க்கும் சின்ன சென்சார் பலகை ஒன்றை வை. ஓடினால் மட்டும் பச்சை காட்டு. ஓடாவிட்டால் ‘சொன்னேன், எரியவில்லை’ என்று காட்டு. வைவாவில் உன்னிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், நீதான் அவர்களைக் கேட்பாய்.

என் வீட்டு அமைப்பு இப்போது இப்படி. அப்பாவின் கட்டில் பக்கத்தில் வீடியோ கேம் மெஷின்களில் வருமே, அந்த மாதிரி உள்ளங்கை அகலப் பச்சைப் பொத்தான், ஒன்றே ஒன்று. அமுக்கினால் பை முதலில் ரிசீவரைக் கேட்கும், எந்த நிலையில் இருக்கிறாய் என்று. படுத்திருந்தால் எழுப்பி, பொறுத்து, மாற்றி, 20-ல் ஆரம்பித்துப் படிப்படியாக 36-க்கு ஏற்றும். ஒவ்வொரு படிக்கும் பதில் வந்த பிறகே அடுத்தது. பதில் வராவிட்டால் பொத்தானுக்குள் இருக்கும் விளக்கு சிமிட்டும், அவர் என்னை எழுப்புவார். இந்த வருஷம் இதுவரை இரண்டு முறைதான் எழுப்பினார். ஒரு முறை, பெருக்கும்போது கேபிளைத் துடைப்பம் இழுத்துவிட்டது.

பிழை தேடுவதற்காகத்தான் அந்தப் பதிவேட்டை வைத்தேன். போன வாரம் சும்மா ஒரு மாதத்தைப் புரட்டினேன். தினமும் ஐந்து இருபது வாக்கில் ஒலியளவு இறங்குகிறது. 36, 35, 34 என்று கையால் திருகிய எண்கள். 26 வரை போகிறது. இரண்டு நிமிஷம், சில நாள் மூன்று. பிறகு அதே மாதிரி ஏறி 36-க்கே வருகிறது. ஒரு நாள்கூட விடவில்லை. என் நிரலில் அப்படி ஒன்றும் எழுதவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவருக்கே உடனே பிடிபடவில்லை.

“அம்மா அடுப்படியிலேர்ந்து காபி கலக்கட்டுமான்னு கேப்பாளேடா. காதுல விழணும்ல.”

கட்டிலிலிருந்து ரிசீவர் வரை எட்டு அடி. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, குனிந்து திருகியிருக்கிறார். ஐந்து இருபதுக்குத் தானாகவே இறக்கி, மூன்று நிமிஷத்தில் ஏற்ற ஆறு வரி நிரல் போதும். உட்கார்ந்து எழுதியும் விட்டேன். ஓடவிடுவதற்கு முன் அவரிடம் சொன்னேன். “எதுக்கு? நான்தான் பண்றேனே” என்றார். அந்த ஆறு வரிக்கும் முன்னால் ஒரு குறியைப் போட்டு, ஓடாமல் வைத்திருக்கிறேன். இன்று காலைப் பதிவேட்டில் 27 வரைதான் இறங்கியிருக்கிறது. அம்மா கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டிருப்பாள்.

அன்புடன்,
ஒன்பது துளைக்காரன்